நாற்பது நிமிடத்தில் நிற்கும் மோட்டார்

29 ஆகஸ்ட் 2025
உட்லண்ட்ஸ்

ஷமீமா ஹார்ட்வேர் உரிமையாளர் அவர்களுக்கு,

நான் யதீசன். நேற்று மதியம் உங்கள் ஜாலான் புசார் கடையில், கருகிய மோட்டார் ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு வந்து நின்றவன். என்னை மறந்திருக்க மாட்டீர்கள்.

ஜூன் 2 அன்று உங்களிடம் மரம் செதுக்கும் சிறிய இயந்திரம் ஒன்றை வாங்கினேன். கணினியில் எழுத்தை வரைந்து கொடுத்தால் பலகையில் அதுவே செதுக்கும் என்று சொல்லி விற்றீர்கள். செதுக்கியது. ஆகஸ்ட் 27 காலை 10.20க்கு, பிட்டை, அதாவது செதுக்கும் முனையை, சுழற்றும் மோட்டார் நின்றது. மோட்டார் நின்றது இயந்திரத்துக்குத் தெரியவில்லை. அது பாட்டுக்குப் பலகைமேல் நகர்ந்துகொண்டே இருந்தது. சுழலாத பிட் மரத்தில் மாட்டி முறிந்தது. ஆறு மாத உத்தரவாதம் ரசீதிலேயே இருக்கிறது.

இதை நான் கடையில் சொல்ல ஆரம்பித்தபோது, ஆறு பேர் முன்னால் நீங்கள் சொன்னது: "ஓட்டத் தெரியாதவங்களுக்கு எதுக்கு லா மெஷின்?" அதன் பிறகு நான் சொன்ன சொல்லும் நல்ல சொல் இல்லை. ஆனால் அது இரண்டாவதாக வந்த சொல் என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

அக்டோபர் 3 முதல் தேக்காவில் நடக்கும் தீபாவளிச் சந்தையில் அரை மேசை எடுத்திருக்கிறேன். வீட்டு வாசலில் மாட்டும் பெயர்ப்பலகைகள் நாற்பது வைக்க வேண்டும். பதினொன்றுதான் முடிந்திருக்கின்றன. இரண்டு வருடத்துக்கு முன் என் அலுவலகத்தில் ஆட்குறைப்பு நடந்தது. அன்றிலிருந்து "இப்ப என்ன செய்றீங்க?" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் முதல் பதில் இந்த அரை மேசைதான். ஆகவே இது பொழுதுபோக்குச் சமாச்சாரம் என்று தள்ளிவிடாதீர்கள்.

இயந்திரம் ஹாலில், ஜன்னல் ஓரத்தில், கையேட்டில் சொன்னபடி இருக்கிறது. ஏழு நாளில் புது மோட்டார் வேண்டும். இனி நமக்குள் எல்லாம் மின்னஞ்சலில், எழுத்திலேயே இருக்கட்டும். தொலைபேசி வேண்டாம்.

இப்படிக்கு,
யதீசன்


31 ஆகஸ்ட்
ஜாலான் புசார்

யதீசன் சார்,

எழுத்தில் என்றால் எழுத்தில். எனக்கும் நல்லதுதான். போனில் என்றால் நான் கத்திவிடுவேன்.

அந்த வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் "ஏமாத்துக்காரி" என்று நீங்கள் சொன்னபோது கடையில் நின்றவர்களில் இரண்டு பேர் என்னிடம் பதினைந்து வருடமாகச் சாமான் வாங்குகிறவர்கள். எது முதல், எது இரண்டாவது என்று அவர்கள் கணக்கு வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

நீங்கள் மேசைமேல் விட்டுவிட்டுப் போன மோட்டாரை நேற்றுக் கடை மூடியதும் பிரித்தேன். இது பேட்டரி பொம்மைக் காரில் இருப்பது மாதிரிச் சாதாரண மோட்டார். உள்ளே இரண்டு கரித்துண்டு, சுழலும் செப்பைத் தொட்டபடி இருந்து கரண்ட் கொடுக்கும். கார்பன் பிரஷ் என்பார்கள். உங்கள் மோட்டாரில் அது தேய்ந்து நகக்கண் அளவுதான் இருக்கிறது. காற்றுப் போகும் ஓட்டைகளில் மரத்தூள் கோதுமை மாவு மாதிரி அடைத்திருக்கிறது. கம்பிச் சுருள் கறுத்துவிட்டது. மூன்று மாதத்தில் இப்படி ஆகாது. இரண்டு வருடம் அடித்து ஓட்டினால் ஆகும்.

செத்த மோட்டாருக்குப் பதில் புதுசு போடுவது எளிது. எது கொன்றது என்று தெரியாமல் போட்டால் புதுசும் சாகும். அதனால் கேட்கிறேன். ஆரம்பித்து எத்தனை நிமிடத்தில் சத்தம் இறங்குகிறது? வாடை வருகிறதா? ஆறவிட்டால் திரும்ப ஓடியதா? என்ன மரம், ஒரு தடவைக்கு எவ்வளவு ஆழம்?

என் டெலிவரிக்காரர் ரகுபதி செவ்வாய்க்கிழமை புது மோட்டாரும் இரண்டு பிட்டும் கொண்டு வருவார். பணம் கொடுக்காதீர்கள். பதில் கொடுங்கள்.

ஷமீமா


3 செப்டம்பர்

ஷமீமா அவர்களுக்கு,

மோட்டார் நேற்று வந்தது. பொருத்திவிட்டேன். நன்றி என்று எழுத இன்னும் மனம் வரவில்லை. ஆனால் பெற்றுக்கொண்டேன் என்று எழுதுவது கடமை.

ஒவ்வொரு பலகைக்கும் நேரம் குறித்து வைத்திருக்கிறேன். காப்புறுதி அலுவலகத்தில் முப்பது வருடம் இழப்பீட்டுப் பிரிவில் இருந்தவனுக்கு வேறு எதுவும் வராது. முதல் மாதம் ஒரு மணி நேரம் தொடர்ந்து ஓடும். ஜூலை நடுவிலிருந்து முப்பத்தெட்டு, நாற்பது நிமிடத்தில் சத்தம் கனக்கும். எரிந்த நகத்தின் வாடை. நிறுத்தி ஒரு மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி ஓடும். கடைசி வாரத்தில் ஆறவிட்டும் பயனில்லை.

மரம், ரப்பர் மரப்பலகை. தளபாடப் பட்டறையில் மிச்சமாவதைத் தருகிறார்கள். ஆழம், ஒரு தடவைக்கு அரை மில்லிமீட்டர். கையேட்டில் ஒன்று வரை போகலாம் என்றிருக்கிறது. நான் போகவில்லை.

தினமும் காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை வேலை. அதற்குமேல் இல்லை. என் மனைவி குணவதி மருத்துவமனையில் இரவுப் பணியில் இருக்கிறாள். அவள் எழுந்ததும் சமையல் என் பொறுப்பு.

நீங்கள் மோட்டாரைப் பிரித்தது உத்தரவாதத்தை மீறியதாகாதா என்று ஒரு கணம் யோசித்தேன். பிறகு, பிரித்தது விற்றவர்தானே என்று விட்டுவிட்டேன்.

யதீசன்


5 செப்டம்பர்

யதீசன் சார்,

உங்கள் பதில் மாதிரி ஒரு பதிலை நான் இதுவரை எந்த வாடிக்கையாளரிடமும் வாங்கியதில்லை. பெரும்பாலும் "மேடம், மெஷின் போச்சு மேடம்" என்பதோடு சரி.

அரை மில்லிமீட்டர் ஆழம், ரப்பர் மரம் என்றால் அது மோட்டாருக்குச் சுமையே இல்லை. அப்புறம் ஏன் நாற்பது நிமிடத்தில் மூச்சு வாங்குகிறது? எனக்குத் தெரிந்து மூன்று காரணம் இருக்கலாம். பிட் மழுங்கியிருக்கலாம், காற்று இல்லாமல் இருக்கலாம், கரண்ட் சரியில்லாமல் இருக்கலாம். பிட் புதுசு அனுப்பிவிட்டேன். காற்றைப் பார்க்க வேண்டும்.

மெஷின் இருக்கிற இடத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். முன்னால், பின்னால், பக்கவாட்டில். துடைக்காமல், அடுக்கி வைக்காமல், இருக்கிறபடி. தூள் எங்கே போய் விழுகிறது என்று பார்த்தாலே எனக்குப் பாதி தெரிந்துவிடும்.

சந்தை மேசை என்று எழுதியிருந்தீர்கள். நானும் மேசையில் ஆரம்பித்தவள்தான். பூன் லேயில் சந்தைக்கு வெளியே மடக்கு மேசை போட்டு உப்புத்தாளும் ஆணியும் விற்றேன். மழை வந்தால் முதலில் உப்புத்தாளைத்தான் தூக்கிக்கொண்டு ஓடுவேன். அதனால் உங்களை அவசரப்படுத்தவில்லை. ஆனால் நாள் போகிறது.

ஷமீமா


8 செப்டம்பர், காலை 11.40

ஷமீமா அவர்களுக்கு,

நீங்கள் அனுப்பிய மோட்டாரும் இன்று நாற்பத்து மூன்றாவது நிமிடத்தில் கனத்துவிட்டது. அதே வாடை. நிறுத்திவிட்டேன். மேலே கை வைக்க முடியவில்லை.

இரண்டு மோட்டார், இரண்டும் ஒரே மாதிரி. இனி இதை நான் ஓட்டும் முறையின் பிழை என்று சொல்ல உங்களுக்கு வழி இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் தீர்வு வராவிட்டால் நுகர்வோர் சங்கத்தில் புகார் கொடுப்பேன். படிவம் நிரப்பி வைத்திருக்கிறேன்.

கேட்டபடி மூன்று படங்கள் இணைத்துள்ளேன்.

யதீசன்


8 செப்டம்பர், மாலை 5.15

யதீசன் சார்,

படம் கிடைத்தது. இரண்டாவது படத்தில் மெஷினுக்குப் பின்னால் சாம்பல் நிறச் சுவர். அந்தச் சுவரில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு வட்ட இரும்புத் தகடு, சுற்றிலும் போல்ட்.

அந்தத் தகடு என் வீட்டிலும் இருக்கிறது. அதை யார் வீட்டு ஹாலிலும் வைத்துக் கட்டுவதில்லை. நம் ஊர்ப் புது வீடுகளில் குண்டு விழுந்தால் ஒளிந்துகொள்ள என்று கனத்த இரும்புக் கதவோடு ஒரு பொந்து கட்டித் தருகிறார்களே, அந்த பாம் ஷெல்டரில்தான் அது இருக்கும். எங்கள் வீட்டில் அதற்குள் அரிசி மூட்டையும் பழைய பெட்டிகளும் இருக்கின்றன. உங்கள் வீட்டில் என் மெஷின் இருக்கிறது.

மனைவி இரவு வேலை என்று எழுதினீர்கள். காலை ஒன்பதிலிருந்து ஒன்று வரை மெஷின் என்றும் எழுதினீர்கள். அப்படியென்றால் அவர் தூங்குகிற நேரம். அப்படியென்றால் அந்தக் கதவு மூடியிருக்கிறது. ஜன்னல் இல்லாத அறை, மூடிய கதவு, நாற்பது நிமிடம். தான் விட்ட சூட்டையும் தான் கிளப்பின தூளையும் மோட்டார் திரும்பத் திரும்ப உள்ளே இழுத்திருக்கிறது.

"காற்றோட்டமான இடத்தில் மட்டும்" என்று கையேட்டின் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. வாரண்டி போச்சு என்று எழுத எனக்கு ஒரு வரி போதும். உங்கள் புகார்ப் படிவத்துக்குப் பக்கத்தில் இந்தப் படத்தை வைத்தால் சங்கத்தில் என்ன சொல்வார்கள் என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

அதை இன்னும் எழுதவில்லை. ஒன்று மட்டும் சொல்லுங்கள். இவ்வளவு சுத்தமாக நேரம் குறித்து வைக்கிற மனிதர், இடத்தை மட்டும் ஏன் மாற்றிச் சொன்னீர்கள்?

ஷமீமா


11 செப்டம்பர்

ஷமீமா அவர்களுக்கு,

மூன்று நாள் பதில் எழுதவில்லை. புகார்ப் படிவத்தைக் கிழித்துவிட்டேன்.

முப்பது வருடம் என் வேலை என்னவென்று சொல்கிறேன். ஒருவர் வந்து, "தண்ணீர்க் குழாய் வெடித்து என் தரை எல்லாம் போய்விட்டது" என்பார். அவர் எழுதிக் கொடுத்ததில் எந்த வரியைப் பிடித்தால் நிறுவனம் பணம் கொடுக்க வேண்டியதில்லை என்று தேடுவேன். பெரும்பாலும் கிடைத்துவிடும். மனிதர்கள் உண்மையை எழுதிவிடுவார்கள். "குழாய் கொஞ்ச நாளாகவே கசிந்தது" என்று அவர்களாகவே எழுதுவார்கள். அந்த வரியில் சிவப்புக் கோடு போட்டு அனுப்புவேன்.

உங்களுக்கு முதல் கடிதம் எழுத உட்கார்ந்தபோது என் கையே அந்த வரியை எழுத மறுத்தது. "ஹாலில், ஜன்னல் ஓரத்தில்" என்று எழுதியது நான்தான், யோசித்துத்தான் எழுதினேன். அது பொய். படம் எடுக்கும்போது கதவு தெரியாமல் பார்த்துக்கொண்டேன், தகடு என் கண்ணில் படவில்லை.

குணவதிக்கு இது எதுவும் தெரியாது. அவள் வேலைக்குப் போன பிறகு மாலையில்தான் ஓட்டுகிறேன் என்று நினைத்திருந்தாள். அவள் தூங்கும்போது கதவைச் சாத்திக்கொண்டு, முகக்கவசம் போட்டு, பிளாஸ்டிக் முக்காலியில் உள்ளேயே உட்கார்ந்திருப்பேன். உங்கள் கடிதம் வந்த அன்று சாப்பிடும்போது எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். சாப்பாட்டை நிறுத்திவிட்டாள்.

"நாப்பது நிமிஷம் அந்தத் தூசிக்குள்ளயா உக்காந்திருந்தீங்க? கதவ மூடிட்டா?"

"உன் தூக்கம் கெடக் கூடாதுன்னுதான்."

"நான் வார்டுல நோயாளிங்க ஒரு தடவ மணி அடிச்சு மறு தடவ அடிக்கிறதுக்குள்ள உக்காந்துகிட்டே தூங்குறவ. மெஷின் சத்தம் என்ன பண்ணப் போகுது? மோட்டார் சூடானா நிறுத்தி ஆற விட்டீங்க. உங்களுக்கு யாரு ஆற விட்டா? ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல."

இருபத்தாறு வருடத் திருமணத்தில் நான் அவளிடம் கேட்காமல் அவளுக்காகச் செய்த காரியங்களின் பட்டியலை அதன் பிறகு வாசித்தாள். அதை உங்களுக்கு எழுத வேண்டிய அவசியமில்லை.

அடுத்த நாளே இயந்திரத்தை நிஜமாகவே ஹாலுக்குக் கொண்டுவந்தேன். ஜன்னல் திறந்து, மின்விசிறி வைத்து, நேற்று ஓட்டினேன். ஐம்பத்தைந்தாவது நிமிடத்தில் கனத்தது. இந்த மோட்டாரையும் நான் ஏற்கனவே கெடுத்திருப்பேன். பிழை என் பக்கம். உரிமை கோரலைத் திரும்பப் பெறுகிறேன்.

இந்த வேகத்தில் நாற்பது பலகை முடியாது. சந்தை ஏற்பாட்டாளர்கள் திங்கட்கிழமை மதியம் வரை மேசையைத் திருப்பிக் கொடுக்க அனுமதிக்கிறார்கள். கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன்.

கடையில் நான் சொன்ன சொல்லுக்கு மன்னியுங்கள். இப்போது பார்த்தால் அந்தச் சொல் எனக்குத்தான் பொருந்துகிறது.

யதீசன்


12 செப்டம்பர்

யதீசன் சார்,

மேசையைத் திருப்பிக் கொடுக்காதீர்கள்.

மோட்டாரில் கெட்டது நல்லது எனக்குத் தெரியும். ஜன்னல் திறந்திருக்கிறது, விசிறி ஓடுகிறது, புது பிட், அரை மில்லிமீட்டர். இதில் ஐம்பத்தைந்து நிமிடத்தில் கனக்கிறது என்றால் இன்னும் ஏதோ இருக்கிறது. ஒரு வாரம் சூட்டில் ஓடியதால் மட்டும் புது மோட்டார் இப்படி ஆகாது. நீங்கள் பழியை எடுத்துக்கொள்ள அவசரப்படுகிறீர்கள். வியாபாரத்துக்கு அது ஆகாது. பழியையும் எடை போட்டுத்தான் வாங்க வேண்டும்.

நான் சொன்ன மூன்றாவது காரணம் பாக்கி இருக்கிறது. கரண்ட். ரகுபதியிடம் நாளைக் காலை வோல்டேஜ் அளக்கும் மீட்டர் ஒன்று கொடுத்து அனுப்புகிறேன். மெஷினோடு வந்த இரும்புப் பெட்டி, பவர் சப்ளை, அதில் வலது ஓரம் சிவப்பு வயரும் கறுப்பு வயரும் திருகில் மாட்டியிருக்கும். மீட்டரை நேர் மின்சாரத்தில் வைத்து, சிவப்புக் குச்சியைச் சிவப்பு வயர்த் திருகிலும் கறுப்புக் குச்சியைக் கறுப்பிலும் தொடுங்கள். பக்கத்திலேயே வீட்டுக் கரண்ட் வந்து சேரும் திருகுகளும் இருக்கும். அந்தப் பக்கம் கை போகக் கூடாது. குணவதி பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள்.

வருகிற எண்ணைச் சொல்லுங்கள். அதைப் பார்த்து முடிவு பண்ணுவோம்.

ஷமீமா


13 செப்டம்பர், பிற்பகல் 2.05

ஷமீமா அவர்களுக்கு,

மீட்டர் வந்தது. குணவதி ரப்பர் செருப்புப் போடச் சொல்லி, பக்கத்தில் நிற்க, நான் அளந்தேன்.

28.7.

மூன்று முறை அளந்தேன். 28.7, 28.7, 28.6. கையேட்டில் 24 வோல்ட் என்று இருக்கிறது. நான் குச்சியை வைத்த இடம் பிழையா? அல்லது இப்படித்தான் இருக்குமா? எனக்கு இது பற்றி ஒன்றும் தெரியாது. நீங்கள் சொல்வதை வைத்துத்தான் திங்கட்கிழமை மேசை விஷயத்தை முடிவு செய்ய வேண்டும்.

யதீசன்


15 செப்டம்பர், இரவு 8.30

யதீசன் சார்,

நீங்கள் குச்சி வைத்த இடம் சரி. எண்ணும் சரி. தப்பு என்னுடையது.

மே மாதம் ஒரு பள்ளி மண்டபத்தில் பொழுதுபோக்குச் சாமான் கண்காட்சி நடந்தது. அங்கே இந்த மாடல் மெஷின் ஒன்றைப் பிரித்து வைத்து ஓட்டிக் காட்டினேன். ஒரு சின்னப் பூ செதுக்கப் பதினான்கு நிமிடம். யாரும் நிற்கவில்லை. பவர் சப்ளையில் திருகுகளுக்குப் பக்கத்தில் மஞ்சளாகக் குட்டித் திருகு ஒன்று இருக்கிறது. அதை வலப்பக்கம் திருப்பினால் வோல்டேஜ் ஏறும், மோட்டார் விர்ரென்று சுழலும், கூடவே சூடும் ஏறும். திருப்பினேன். மெஷின் நகரும் வேகத்தையும் கூட்டினேன். பூ ஒன்பது நிமிடத்தில் முடிந்தது. நின்று பார்த்தார்கள். எட்டு மெஷின் விற்றேன். எட்டும் சீல் உடைக்காத பெட்டி.

ஓட்டிக் காட்டிய மெஷினைத் துடைத்து, புது மோட்டார் போட்டு, பெட்டியில் வைத்து, சீல் ஒட்டினேன். ஜூன் 2 அன்று நீங்கள் வந்தபோது கடையில் அது ஒன்றுதான் இருந்தது. புதுசு என்று சொல்லி விற்றேன். திருகைத் திருப்பி வைக்க மறந்தது மறதி. புதுசு என்று சொன்னது மறதி இல்லை.

ஆக, மூடிய கதவு பாதி, என் திருகு பாதி. உங்கள் பாதியை நீங்கள் 11ஆம் தேதியே எழுதிவிட்டீர்கள்.

என் பாதி எனக்கு சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கே தெரியும். 28.7 என்று பார்த்ததும் அந்த மஞ்சள் திருகு கண் முன்னால் வந்துவிட்டது. அப்புறம் இரண்டு நாள் என்ன செய்தேன் என்றால், ஒன்றும் எழுதாமல் இருப்பது எவ்வளவு எளிது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பழியை நீங்களே எடுத்துக்கொண்டீர்கள். "ஆமாம் சார், பவர் சப்ளை கொஞ்சம் வீக், மாற்றித் தருகிறேன்" என்று எழுதினால் நீங்கள் எனக்கு நன்றி சொல்லியிருப்பீர்கள். அந்தக் கடிதத்தை எழுதியும் பார்த்தேன். நன்றாகவே வந்தது. அனுப்ப முடியவில்லை.

சீல் உடைக்காத மெஷின் ஒன்று நாளைக் காலை வரும். சீலை நீங்களே உடையுங்கள். பழையதை ரகுபதியிடம் கொடுங்கள். அதுவரை ஓட்ட வேண்டுமென்றால், மீட்டரைப் பார்த்துக்கொண்டே அந்த மஞ்சள் திருகை இடப்பக்கம், 24 வரும் வரை.

மேசை இருக்கிறது அல்லவா? இன்னும் பதினேழு நாள் இருக்கிறது. முடியும்.

ஷமீமா


17 செப்டம்பர்

ஷமீமா அவர்களுக்கு,

மேசை இல்லை.

திங்கட்கிழமை மதியம் பன்னிரண்டு மணி வரை உங்கள் பதிலுக்குக் காத்திருந்தேன். சனிக்கிழமை இரண்டு மணியிலிருந்து எத்தனை முறை கணினியைத் திறந்து பார்த்தேன் என்பதை மட்டும் குறித்து வைக்கவில்லை. பதினொன்று ஐம்பதுக்கு ஏற்பாட்டாளரைக் கூப்பிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் காத்திருப்போர் பட்டியலிலிருந்து வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். உங்கள் கடிதம் அன்றிரவு எட்டரைக்கு வந்தது.

பழைய மெஷினைப் புதுசு என்று விற்றது எனக்குப் பெரிதாகப் படவில்லை. நான் வேலை பார்த்த இடத்தில் அதைவிடப் பெரியவை பார்த்திருக்கிறேன். திருகு, மறதி. அதுவும் போகட்டும். ஆனால் அந்த இரண்டு நாள் என்னுடையது. நீங்கள் யோசித்துக்கொண்டிருந்தது என் நேரத்தில்.

நீங்கள் எழுதாமலே இருந்திருக்கலாம், எழுதினீர்கள் என்று குணவதி சொல்கிறாள். அது எனக்கும் தெரிகிறது. தெரிவதால் கோபம் குறையவில்லை.

புது இயந்திரம் வந்தது. பெட்டியைத் திறக்கவில்லை.

யதீசன்


19 செப்டம்பர்

யதீசன் சார்,

சந்தை ஏற்பாட்டாளரைப் போய்ப் பார்த்தேன். உங்கள் மேசை சாதியா என்ற பெண்ணுக்குப் போயிருக்கிறது. மருதாணி போடுகிறவள், முதல் வருடம். அவளிடமும் பேசினேன். வாயைத் திறந்து, "இடத்தை விட்டுக் கொடும்மா" என்று கேட்கப் போனேன். அவள் மேசை விரிப்புக்குத் துணி எடுத்துவிட்டுப் பையோடு நின்றாள். கேட்காமல் வந்துவிட்டேன். ஆகவே அதை என்னால் சரி செய்ய முடியவில்லை. முடிந்தது என்று சொல்லி இன்னொரு பொய் வேண்டாம்.

இரண்டு நாள் உங்களுடையது என்று எழுதினீர்கள். ஆமாம்.

வேறு ஒன்று செய்தேன். அன்றைக்குக் கடையில் நின்ற அந்த இரண்டு பழைய வாடிக்கையாளரும் நேற்று வந்தார்கள். உட்கார வைத்து, கோப்பி வாங்கிக் கொடுத்து, அந்த உட்லண்ட்ஸ்காரர் சொன்னது சரிதான், ஓட்டிக் காட்டிய மெஷினைத்தான் அவருக்குக் கொடுத்தேன் என்றேன். ஒருவர் சிரித்தார். இன்னொருவர், "அப்ப போன வருஷம் எனக்குக் கொடுத்த டிரில்லு?" என்று கேட்டார். அது புதுசுதான். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. இது உங்களுக்கு லாபம் இல்லை. சொல்ல வேண்டியது, சொன்னேன்.

பெட்டியைத் திறங்கள். கோபத்தைப் பெட்டிமேல் காட்டினால் தூசிதான் சேரும். இனி என்னை நம்புவீர்களா என்று கேட்கும் உரிமை எனக்கு இல்லை. கேட்கவில்லை.

ஷமீமா


2 அக்டோபர்

ஷமீமா அவர்களுக்கு,

பெட்டியை 21ஆம் தேதி திறந்தேன். பலகையை வைக்கும் முன் மீட்டரை வைத்தேன். 24.1.

ஹாலில், ஜன்னல் ஓரத்தில்தான் வைத்திருக்கிறேன். வெப்பம் தேங்கக் கூடாது என்று வாசல் கதவையும் திறந்து வைக்கச் சொன்னாள் குணவதி. சொல்லிவிட்டு, பத்து நிமிடத்தில் தூங்கிவிட்டாள். குறட்டை மெஷினைவிடக் கொஞ்சம் குறைவு.

மூன்றாவது நாள் நான் பயந்தது நடந்தது. அடுத்த வீட்டு சீன மாமா வாசலில் வந்து நின்றார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "யதி, நோய்ஸி லா" என்றார், சத்தம் தாங்கவில்லையாம். மன்னிப்புக் கேட்க எழுந்தேன். அதற்குள் உள்ளே வந்து, குனிந்து, பிட் எழுத்தைச் சுற்றி வருவதைப் பார்க்க ஆரம்பித்தார். பலகை முடியும் வரை நகரவில்லை. முப்பத்தைந்து நிமிடம். முடிந்ததும் தன் குடும்பப் பெயரை ஒரு தாளில் எழுதி மேசைமேல் வைத்தார். பெரிதாக வேண்டுமாம், கண் சரியாகத் தெரியவில்லையாம்.

அவர் பலகையை மாட்டிய அன்று மாலை எதிர்வீட்டு மலாய்ப் பெண்மணி கேட்டார். பிறகு லிஃப்ட் பக்கத்து வீடு. எங்கள் தளத்தில் பன்னிரண்டு வீடு. ஐந்து வீட்டுக்கு முடித்துவிட்டேன், இரண்டு பாக்கி. ஏழாம் தளத்திலிருந்து ஒருவர் நேற்று வந்து பார்த்துவிட்டுப் போனார். மூன்று மாதம் இரும்புக் கதவுக்குப் பின்னால் நான் என்ன செய்கிறேன் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. இப்போது சத்தம் போடுவதால் தெரிந்திருக்கிறது.

நாளை சந்தை ஆரம்பம். நானும் குணவதியும் போவோம். அந்த அரை மேசையைப் பார்த்தால் எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். அது போனது போனதுதான், அந்த நஷ்டத்தை இந்த ஏழு வீடுகளின் வரவில் கழித்துவிடவில்லை.

இனி விஷயம். இரண்டு மில்லிமீட்டர் பிட் பத்து, ஒரு மில்லிமீட்டர் ஐந்து, கார்பன் பிரஷ் இரண்டு ஜோடி வேண்டும். விலையைச் சொல்லுங்கள். இலவசமாக எதுவும் அனுப்ப வேண்டாம். பிட்டுகள் பெட்டியில் இருந்து வந்தவையா, பிரித்தவையா என்று ரசீதில் எழுதிவிடுங்கள்.

உங்கள் மீட்டரைத் திருப்பி அனுப்பவில்லை. விலைக்கு எடுத்துக்கொள்கிறேன். நம்புவீர்களா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஒவ்வொரு திங்கட்கிழமையும் வேலை தொடங்கும் முன் அளக்கிறேன். இதுவரை இரண்டு திங்கள். இரண்டும் 24.1.

யதீசன்


3 அக்டோபர்

யதீசன் அண்ணன்,

பிட்டும் பிரஷ்ஷும் ரகுபதி நாளை கொண்டு வருவார். பெட்டியில் இருந்து வந்தவை என்று ரசீதில் எழுதி, கையெழுத்தும் போட்டிருக்கிறேன். இனி எல்லா ரசீதிலும் அந்த வரி இருக்கும், உங்களுக்கு மட்டும் இல்லை. ஒரு மில்லிமீட்டர் பிட் ஐந்து போதாது, பத்தாக வாங்குங்கள், சின்ன எழுத்தில் அது நிறைய முறியும். இது வியாபாரப் பேச்சுத்தான், ஆனால் உண்மை.

மீட்டரை வைத்துக்கொள்ளுங்கள். விலை ரசீதில் இருக்கிறது. ஒன்று சொல்ல வேண்டும். அதுவும் சாமான்தான், பேட்டரி இறங்கினால் கூடக் காட்டும், குறையக் காட்டும். என்னிடம் வாங்கியதை வைத்து என்னைச் சோதிப்பது சரியான சோதனை இல்லை. ஜாலான் புசாரில் என் கடையிலிருந்து நாலு கடை தள்ளி இன்னொருவர் மீட்டர் விற்கிறார். எனக்கும் அவருக்கும் பேச்சு இல்லை. ஒரு நாள் உங்கள் மீட்டரைக் கொண்டு வாருங்கள். முதலில் அவர் கடையில் ஒப்பிட்டுப் பாருங்கள். அப்புறம் இங்கே வாருங்கள்.

ஷமீமா